எந்தப் பேய்ப்பட டிரெய்லர் உங்களை வீடு வரைக்கும் துரத்தியது?

செக்காலைக்காரன்:
நம்ம செட்டிநாட்டுப் பக்கத்தில் எடுக்கும் பேய்ப்படத்துக்கு டிரெய்லர் எப்படி இருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். ட்ரோனில் ஒரு பெரிய வீடு, தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லில் கொலுசுக் கால், உடனே ஒரு வெள்ளைச் சேலை. வெளியூர்க்காரர்கள் பயப்படலாம். நான் "இது கானாடுகாத்தானா, கோனாபட்டா?" என்றுதான் உற்றுப் பார்ப்பேன்.

என்னை ஆட்டிவைத்தது 'தி கான்ஜூரிங்' (2013) டீசர். கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டும் சத்தத்தை வைத்துப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. அப்புறம் இருட்டில் அந்த அம்மா தீக்குச்சி கிழித்து நிற்க, பின்னாலிருந்து இரண்டு கை வந்து தட்டும். முகம் கிடையாது, உருவம் கிடையாது. மதிய வெளிச்சத்தில் போனில் பார்த்ததால் பயம் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி முகப்பில் படுத்திருக்கிறேன், உள்ளே வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கமிருந்து 'டப்' என்று ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"அப்பத்தா... நீங்களா?"

"கொசுடா. பேசாமத் தூங்கு."

எங்கேயோ ஒரு நாட்டு வீட்டில் எடுத்த சத்தம் நம்ம வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது பாருங்கள். அந்த டீசர் ஜெயித்தது அங்கேதான். உங்களுக்கு எது? எழுதுங்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி:
எங்கள் வீட்டிலேயே ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். படத்தின் பெயர் வேண்டாம், ஓடவும் இல்லை. தேவகோட்டை ரஸ்தாவில் ஏவிஎம் ஸ்டுடியோ இருந்த காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துக்கு ஷூட்டிங் புதிதில்லை, ஆனால் பங்காளிகள் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்குவதற்குள் அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ராத்திரிக் காட்சியை உச்சி வெயிலில் எடுத்தார்கள். வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, மேலே கறுப்புத் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் இருட்டு ரெடி. வேர்த்துக் கொட்டியது, பேய்க்கும்.

டிரெய்லர் வந்த அன்று எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஒரே சிரிப்பு. ரத்தம் வழியும் சுவருக்குக் கீழே எங்கள் ஊறுகாய் ஜாடி. பேய் நிற்கிற அறை, நாங்கள் முன்னோர் படைப்புக்குச் சாமான் வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறை. பெரியம்மாவுக்கு மட்டும் கோபம்: "செத்தவுகளுக்குப் புதுச்சேலை வச்சுக் கும்பிடுற வீட்டுல என்னத்தப் பேயி?" நியாயம்தானே? இறந்தவர்கள் எங்களுக்குப் பெரியவர்கள், துரத்த வருகிறவர்கள் இல்லை.

ஆனால் நடுவில் ஒரு இடம். திரை முழுக்கக் கறுப்பு. இசை நின்றுவிட்டது. எங்கள் வாசல் நிலைக்கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் மட்டும். முதலில் ஒரு கிறீச், அப்புறம் இரும்பு 'ணங்' என்று போய் இடிப்பது. சவுண்டு எடுக்கிற தம்பி ஒருநாள் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து பதிவு செய்துகொண்டு போனது. அந்தச் சத்தம் கேட்டால் வெளியூரிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று சின்னதிலிருந்து எங்களுக்குத் தெரியும், ஓடுவோம். டிரெய்லரில் யாருமே உள்ளே வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார்.

எடிட் பக்கம்:
காரைக்குடிதான் நானும், இப்போது சென்னையில் டிரெய்லர் வெட்டுகிறேன். கைதட்டலும் தாழ்ப்பாளும் வேலை செய்வதற்குத் தொழில்ரீதியாக ஒரு காரணம் இருக்கிறது. தியேட்டரில் அடிவயிற்றை உலுக்கும் 'பூம்' சத்தத்தைப் போன் ஸ்பீக்கரால் தரவே முடியாது. இன்றைக்கு நிறையப் பேர் டிரெய்லரை முதலில் போனில்தான் பார்க்கிறார்கள். தட்டு, சொடக்கு, கிறீச் எல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் அப்படியே வரும். 'ஹெரிடிட்டரி' (2018) டிரெய்லரில் அந்தப் பெண் நாக்கைச் சொடுக்குவாளே, அதுவும் இந்த வகைதான்.

இன்னொன்று, காட்டாமல் விடுவது. 'தி ஷைனிங்' (1980) டீசரைத் தேடிப் பாருங்கள். ஒரே ஷாட். ஓட்டலில் லிஃப்ட் கதவுகள், அசையாத கேமரா, எழுத்துகள் கீழிருந்து மேலே போகும், கடைசியில் லிஃப்டிலிருந்து ரத்தம் வெள்ளமாகப் பாயும். கதை என்னவென்று ஒரு சொல் கிடையாது. 'சைக்கோ' (1960) டிரெய்லர் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், இயக்குநர் ஹிட்ச்காக் தானே செட்டைச் சுற்றிக்காட்டிப் பேசுவார், கிட்டத்தட்டத் தரகர் வீடு காட்டுவதுபோல. கடைசியில் குளியலறைத் திரையை விலக்கினால் ஒரு பெண் அலறுவாள். அதுகூடப் படத்தில் அங்கே அலறிய ஜேனட் லீ இல்லை, விக் வைத்த இன்னொரு நடிகை வீரா மைல்ஸ்!

நம்மிடம் வரும் தயாரிப்பாளர்கள் நேர் எதிர். "காசு போட்டு எடுத்த பேய், ரெண்டு நிமிஷத்துல நாலு தடவையாவது வரணும்" என்பார்கள். டைட்டில் முடிந்ததும் ஒரு அலறல் வேண்டும் என்பார்கள், அது வரும் என்று இப்போது குழந்தைக்கும் தெரியும். சத்தத்துக்கு முன்னால் ரெண்டு விநாடி மௌனம் கேட்டால் "ஆடியோ போயிடுச்சா தம்பி?" என்கிறார்கள். காமெடி சேர்ப்பதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு வருகிற கூட்டத்துக்கு அது வேண்டும்.

கோட்டையூரான்:
சத்தம் சத்தம் என்கிறீர்கள். எனக்கு 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' (2009) டிரெய்லர்தான். படத்தைவிட, தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கிறவர்களை இருட்டில் எடுத்துக் காட்டுவார்கள். ஒருத்தர் பக்கத்து ஆளைக் கட்டிக்கொள்வார், இன்னொருத்தர் சீட்டோடு பின்னால் சாய்வார். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமலே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

@பள்ளத்தூர்ப் பேத்தி, எந்த வீடு அக்கா? தெருப் பெயராவது சொல்லுங்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி:
சொல்ல மாட்டேன். ஏற்கெனவே பையன்கள் ராத்திரியில் பைக்கில் வந்து வாசலில் செல்ஃபி எடுக்கிறார்கள். காவலுக்கு இருக்கிற அண்ணன் பாவம், இருமினால்கூட ஓடுகிறார்களாம்.

எடிட் பக்கம்:
அக்கா, அந்தத் தாழ்ப்பாளை நான் ஒருநாள் வந்து பதிவு பண்ணிக்கொள்ளலாமா?

பள்ளத்தூர்ப் பேத்தி:
பங்காளிகளைக் கேட்டுச் சொல்கிறேன் தம்பி.