கனிமங்களையும் சுரங்கத் தொழிலையும் பிள்ளைகளுக்கு எங்கே காட்டலாம்?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
வணக்கம். எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாறைகள் பற்றிய பாடத்தை முடித்திருக்கிறார்கள். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில், மொட்டைமாடியில் உலர்த்திய துணியெல்லாம் கரி படிந்து கிடந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். ஆனால் தாது எப்படி இருக்கும் என்பதை ஒருவரும் கண்டதில்லை. ஒரே நாளில் போய்வரக்கூடிய பொது அருங்காட்சியகம் எது? கற்களோடு, அவற்றைத் தோண்டியவர்களின் வாழ்வும் தெரிந்தால் நல்லது.

கல்தேடி:
எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். எல்லோரும் வெண்கலச் சிலைகளைப் பார்க்கவே போவதால் நிலவியல் கூடம் பெரும்பாலும் காற்று வாங்கும். வகுப்போடு போகிறவருக்கு அது வசதிதான். உண்மையில் அந்த நிறுவனமே கற்களால் பிறந்தது: சென்னை இலக்கியச் சங்கம் அளித்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடு, எட்வர்டு பால்ஃபரின் பொறுப்பில் 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கி, 1854இல் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை. மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கி மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர்.

எல்லாப் பெட்டிகளையும் காட்ட முயன்றால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். போகும் முன்பே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கருங்கல்லான சார்னோக்கைட்டின் கதையைச் சொல்லிவிடுங்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இக்கல்வகை இருந்ததால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்டு 1893இல் அவர் பெயரையே இதற்கு இட்டார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது!

வியாசர்பாடி பேரன்:
கற்களுக்கு அது சரி. தோண்டியவர்களைப் பற்றி அறியக் கோலார் தங்கவயலைத்தான் கேட்க வேண்டும். என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து அங்கே 'மைன்ஸ்' வேலைக்குப் போனவர். தங்கம் கட்டிகட்டியாகக் கிடைக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது பெரும்பாலும் வெண்ணிறப் படிகப் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகவே இருக்கும் என்றும், பாறையை மாவாக இடித்து, அதிலுள்ள தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்தே பிரிப்பார்கள் என்றும் அவர்தான் விளக்கினார். பிரித்தபின் எஞ்சிய மண் இன்றும் அங்கே குன்றுகளாக நிற்கிறது.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே அனலாய்க் கொதிக்கும் என்பதால், மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பித்தான் வேலை நடக்கும். மேலழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறுவதை அவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது மட்டும் தாத்தாவின் குரல் தாழ்ந்துவிடும். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே பிழைத்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் இருக்கின்றன; முதலில் உங்கள் வகுப்பில் விசாரித்துப் பாருங்கள், அம்மா.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
விசாரித்தேன். ஒரு மாணவியின் பாட்டி தங்கவயலில் பிறந்தவராம். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுநாள் எழும்பூர்.

கல்தேடி:
அப்படியானால் பாட்டியையும் எழும்பூருக்கு அழைத்துச் செல்லுங்கள். வெண்படிகக் கல் எதிரே வந்தால், விளக்கத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.