15 லிட்டர் டேங்க், 287 கி.மீ.யில் நின்ற வண்டி: இதை நம்பி லே போகலாமா?

வைகைக்கரையான்:
வணக்கம். வரும் ஜூலையில் நானும் மச்சானும் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை பைக்கில் போவதாக இருக்கிறோம். வண்டி 2014 மாடல், 150 சிசி, கார்புரேட்டர். டேங்க் 15 லிட்டர், ரிசர்வையும் சேர்த்து. வழியில் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் போட்டால் அடுத்த பங்க் 365 கி.மீ. என்று பலகையே வைத்திருக்கிறார்களாம். நம் வண்டி எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, போன ஞாயிறு மதுரையில் ஃபுல் டேங்க் அடித்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் செய்துவிட்டுத் தனியாக ராமேஸ்வரம் போய்த் திரும்பினேன்.

வரும்போது மானாமதுரைக்குக் கொஞ்சம் முன்னால் 287 கி.மீ.யில் வண்டி இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றுவிட்டது. ரிசர்வில் போட்டும் பிடிக்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே பெட்ரோல் பளபளவென்று தெரிகிறது. மூடிவிட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆனது. 5 கி.மீ. போனதும் மறுபடி அதே கதை. மறுபடி திறந்து, மூடி, உதைத்து, எப்படியோ பங்க்குக்கு வந்து ஃபுல் செய்தேன். 295 கி.மீ., பிடித்தது 6.9 லிட்டர்.

15 லிட்டர் டேங்க் 300 கி.மீ.கூடத் தாங்கவில்லை என்றால் மலையில் 365 எப்படி? பெரிய டேங்க் போடுவதா, வண்டியை மாற்றுவதா?

ஸ்பிளெண்டர்தாசன்:
வண்டியை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். என் ஸ்பிளெண்டருக்கு டேங்க் 9.8 லிட்டர்தான். அலுங்காமல் ஓட்டினால் லிட்டருக்கு 60 தருகிறது, ஒரு டேங்குக்கு 580 வந்துவிடும். 30 லிட்டர் டேங்க் வைத்த பி.எம்.டபிள்யூ அட்வென்ச்சர் வண்டிக்காரர்கூட என்னைவிட அவ்வளவு ஒன்றும் அதிக தூரம் போய்விட மாட்டார்.

நாலுவழிச்சாலை:
எனக்குப் பங்க் மேல்தான் சந்தேகம். ஃபுல் என்று சொல்லிவிட்டுக் குறைவாக ஊற்றியிருப்பார்கள். அதோடு இப்போது வருவதெல்லாம் இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் அடிவாங்காமல் என்ன செய்யும்?

பழைய மெக்கானிக்:
தம்பி, பதற வேண்டாம். உங்கள் வண்டியில் பெட்ரோல் தீரவே இல்லை. நீங்கள் எழுதிய கணக்கே அதைச் சொல்கிறது. 15 லிட்டர் பிடிக்கும் டேங்கில் 6.9 தான் பிடித்தது என்றால் மீதி 8 லிட்டர் உள்ளே சும்மா இருந்திருக்கிறது. பங்க்கில் குறைத்து ஊற்றியிருந்தால் மீட்டர் 6.9க்கு மேலே காட்டியிருக்குமே தவிரக் கீழே காட்டியிருக்காது. (அளவில் சந்தேகம் வந்தால் பங்க்கில் 5 லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கேட்டால் அதில் பிடித்துக் காட்டுவார்கள். அது வேறு விஷயம்.) 295ஐ 6.9ஆல் வகுத்தால் 42.8. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய 150 சிசிக்கு இது நல்ல மைலேஜ்.

ஆகவே கேள்வி, 8 லிட்டர் இருந்தும் அது ஏன் கார்புரேட்டருக்கு இறங்கவில்லை என்பதுதான். இரண்டு விஷயம் சொல்லுங்கள். மூடியைத் திறந்தபோது புஸ் என்று சத்தம் வந்ததா? அன்றைக்கு டேங்க் மேல் ஏதாவது வைத்திருந்தீர்களா?

வைகைக்கரையான்:
அண்ணே, சத்தம் வந்தது! காற்றை உள்ளே இழுத்த மாதிரி. டேங்க் சூடாக இருந்ததால் என்று நினைத்தேன். டேங்க் மேல்... பயணத்துக்கென்று புதிதாக ஒரு டேங்க் பை வாங்கினேன். போகும்போது அது பின்சீட்டில்தான் இருந்தது. வரும்போது கருவாடு வாங்கிக் கட்டியதில் பை சரிந்துகொண்டே வந்தது. பார்த்திபனூரில் டீ குடிக்க நிறுத்தியபோது பையை எடுத்து டேங்க் மேல் இறுக்கிக் கட்டினேன். மழை உறையும் போட்டிருந்தேன்.

பழைய மெக்கானிக்:
அவ்வளவுதான். பார்த்திபனூரிலிருந்து நீங்கள் நின்ற இடம் எட்டு, ஒன்பது கி.மீ. இருக்குமா? கணக்கு சரியாக விழுகிறது.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே வெற்றிடம் பிடித்து, பெட்ரோலைக் கீழே விடாது. இந்த மாதிரி வண்டியில் பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது, பம்ப் கிடையாது. அதனால் கொஞ்சம் வெற்றிடம் பிடித்தாலே நின்றுவிடும். உங்கள் வண்டி 5 கி.மீ.க்கு நூறு மில்லிக்குச் சற்று மேல் குடிக்கிறது. அவ்வளவு குறைந்ததும் நிற்கிறது, மூடியைத் திறந்தால் காற்று புகுந்து ஓடுகிறது. மழை உறையோடு பையை அதன் மேல் அழுத்திக் கட்டினால் வேறென்ன ஆகும்? கூடவே ஓட்டையில் அழுக்கோ பாலிஷோ அடைத்திருக்கும். மூடியைக் கழற்றிக் காற்றடித்துப் பாருங்கள். கம்பியை விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே சின்ன வால்வு இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மலையில் உதவும். டேங்கின் அடிப்பக்கம் சேணம் மாதிரி, சட்டத்தின் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். பெட்ரோலைத் திறந்து மூடும் காக் ஒரு பக்கத்தில்தான். அடி ஒட்டும் நேரத்தில் மறுபக்கம் தேங்கியது தானாக வராது. வண்டியைக் காக் இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்தால் மேடு தாண்டி வழிந்து வரும், இன்னும் சில கி.மீ. ஓட்டலாம்.

நாலுவழிச்சாலை:
பங்க் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இ20 விஷயம் நிஜம்தானே?

பழைய மெக்கானிக்:
நிஜம்தான், அளவுதான் வேறு. நிதி ஆயோக் 2021இல் போட்ட அறிக்கையில், இ10க்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளுக்கு இ20 போட்டால் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 42 தருகிற வண்டியில் அது ஒன்றரை கி.மீ. நடுரோட்டில் நிறுத்தாது. 80இல் போவதை 60இல் போனால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

பாராலாச்சா பார்த்தவன்:
நான் அந்த வழியில் இரண்டு முறை போயிருக்கிறேன், முதல் முறை கார்புரேட்டர் வண்டியில். சந்திராவும் பாகாவும் கூடுகிற இடம்தான் தாண்டி. தாண்டியைத் தாண்டினால் பங்க் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும் (இந்தச் சிலேடை வடக்கே யாருக்கும் புரியாது, நம் ஆட்களிடம்தான் செல்லும்). லேவுக்கு முப்பத்தைந்து கி.மீ. முன்னால் காருவில் ஒரு பங்க் உண்டு, ஆனால் கணக்கை 365க்கே போடுங்கள். அடல் சுரங்கம் வந்த பிறகு தூரம் குறைந்ததே என்று சிலர் சொல்வார்கள். குறைந்தது மணாலிக்கும் தாண்டிக்கும் நடுவே. தாண்டிக்கு அப்பால் ஒரு கி.மீ.கூடக் குறையவில்லை.

மதுரைக் கணக்கான 42.8 அங்கே வராது. பாராலாச்சா, லாச்சுலுங், டாங்லாங் என்று கணவாய்மேல் கணவாய். காட்டா லூப்ஸில் மட்டும் 21 கொண்டை ஊசி வளைவுகள். பாதி நேரம் ஒன்று, இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போகும். டாங்லாங் லா 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. இன்ஜெக்ஷன் வண்டி அதை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, மெல்லிய காற்றுக்கும் பெட்ரோல் அதிகமான கொழுத்த கலவையையே கொடுக்கும். இழுவை போகும், கரும்புகை வரும், பெட்ரோலும் வீண். இதற்காக ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அந்தப் புழுதியில் அது இன்ஜினுக்குச் செய்யும் துரோகம்.

இரண்டு பேர், மூட்டை எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 30 என்று வையுங்கள். 365க்கு 12.2 லிட்டர். டேங்க் 15. போதும், ஆனால் வழி மாறினாலோ நிலச்சரிவில் திரும்பினாலோ போதாது. 5 லிட்டர் இரும்புக் கேன் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். மேலே போகப் போக கேனுக்குள் அழுத்தம் கூடும், மூடியை மெதுவாகத் திறக்கவும். சர்ச்சு, பாங் கூடாரங்களில் பாட்டிலில் பெட்ரோல் சில சமயம் கிடைக்கும். விலை அவர்கள் சொல்வதுதான், கலப்படமா என்று கேட்கக் கூடாது.

பழைய மெக்கானிக்:
நல்ல கணக்கு. ஒன்று சேர்க்கிறேன். தாண்டியில் கழுத்துவரை நிரப்பாதீர்கள். குளிர்ந்த பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 15 லிட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் விரியும், வழிந்து வீணாகும். நிரப்புவதாக இருந்தால் உடனே கிளம்பி ஓட்டுங்கள். போகும் முன் மச்சானையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போய்வந்து அளந்து பாருங்கள். இரண்டு முறையும் ஒரே பங்க், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஒரே மட்டம்.

வைகைக்கரையான்:
அண்ணே, மூடியைக் கழற்றினேன். ஓட்டையில் பாலிஷ் மெழுகு கல் மாதிரி அடைத்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்து, பையை டேங்கில் வைக்காமல் இன்று கொடைக்கானல் போய்வந்தோம். 236 கி.மீ., 6.4 லிட்டர். லிட்டருக்கு 36.9. எங்கேயும் நிற்கவில்லை. லேவுக்கு 30 என்பதையே பிடித்துக்கொள்கிறேன், கேனும் வாங்கிவிட்டேன்.

இப்போது பை, கேன், கூடாரம் மூன்றும் பின்சீட்டில் இருக்கின்றன. தான் எங்கே உட்காருவது என்று மச்சான் கேட்கிறான். அதற்கு ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.