அரை கிலோ எடைத் தட்டு எங்கே கிடைக்கும்?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. செந்தூலில் ஒரு சின்ன ஜிம்மில் பார்பெல் (இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) பயிற்சி செய்கிறேன். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் இரண்டும் மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் மட்டும் 30 கிலோவிலேயே நிற்கிறது.

எங்கள் ஜிம்மில் ஆகச் சிறிய தட்டே 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 2.5 கிலோ கூடிவிடும். 100 கிலோ டெட்லிஃப்டுக்கு அது 2.5 சதவீதம்தான், 30 கிலோ பிரஸ்ஸுக்கோ 8 சதவீதத்துக்கும் மேல். தோள் தாங்குமா, சொல்லுங்கள்!

கோலாலம்பூரில் அரை கிலோ தட்டுகள் எந்தக் கடையில் கிடைக்கும்? அதுவரை எடையை ஏற்றாமல், ஒரு செட்டுக்கு (சுற்றுக்கு) 5 முறை தூக்குவதை 8 ஆக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்து முன்னேறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குறைந்த எடையில் தொடங்கும் அக்காமாருக்கு இந்தத் தடை சீக்கிரமே வந்திருக்கும், நீங்கள் எப்படித் தாண்டினீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.