ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீனிவாஸ் பழைய தட்டுகளும் கேசட்டுகளும்: குரல் கெடாமல் கணினியில் ஏற்றுவது எப்படி?

நாணல்62 கேட்டது:

வணக்கம். வீட்டில் மூன்று தலைமுறையாகக் கேட்டுவரும் பாட்டுகளைக் கணினியில் ஏற்றி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். கையில் இருப்பவை: 78 சுழற்சி அரக்குத் தட்டுகள் 34, நாலு பாட்டு அடங்கிய சின்ன 45 தட்டுகள் 11, கேசட்டுகள் 60க்கு மேல். பெரும்பகுதி ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீனிவாஸ், ஜிக்கி, சுசீலா. கேசட்டுகளில் பாதி ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியவை, மீதி இலங்கை வானொலியிலிருந்து நேரே பிடித்தவை.

இதே பாட்டுகள் இணையத்தில் இருக்கின்றன, தெரியும். ஆனால் பலவற்றில் எதிரொலி சேர்த்து, இரைச்சலோடு குரலின் மென்மையையும் வழித்தெடுத்திருக்கிறார்கள். தட்டில் இருக்கிறபடி வேண்டும். என்ன கருவி, எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே தப்பு நேரும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முள்முனை:

நல்ல காரியம். முதலில் 78 தட்டு. கெடுதல் அதிகம் நடப்பது அங்கேதான்.

அரக்கோடு கல்தூள் கலந்து அழுத்திய தட்டு அது. பழைய எஃகு முள் தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வரட்டும் என்றே அந்தத் தூளைச் சேர்த்தார்கள். ‘சர்ர்’ என்ற இரைச்சலில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. டி.எம்.எஸ்., சீர்காழி போல நெஞ்சிலிருந்து எழும் குரல் அந்த இரைச்சலுக்கு மேலே நிற்கும். ராஜாவும் பி.பி.எஸ்.ஸும் மைக்குக்கு அருகில் நின்று, பேசுகிற அளவுக்கே குரலைத் திறந்து பாடியவர்கள். சொல்லின் கடைசியில் அவர்கள் விடும் மூச்சும் தட்டின் இரைச்சலும் ஒரே உயரத்தில் கிடக்கின்றன. அதனால் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். முள்ளிலும் தண்ணீரிலும் முடிகிற அளவு சரிசெய்துவிட வேண்டும்.

முள்: எல்பி தட்டுக்கான முள்ளின் முனை சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 தட்டுக்கு 3 மில், அதாவது நாலு மடங்குக்கு மேல் பருமன். எல்பி முள்ளை 78இல் வைத்தால் பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் உரசிக்கொண்டு ஓடும். அடியில் இருப்பது அழுக்கும் தேய்மானமும். இரைச்சல் கூடும், முள்ளும் கெடும். ஆடியோ டெக்னிகா, ஆர்ட்டோஃபோன் இரண்டிலும் 78க்கென்றே முள் தனியாக விற்கிறார்கள். எடை எவ்வளவு என்பது முள்ளோடு வரும் தாளில் இருக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 கிராம். உங்கள் 45 தட்டுகளுக்கு எல்பி முள்தான், அதில் இந்த முள்ளை வைக்காதீர்கள். கைச்சாவி கிராமபோனில் ஓட்டிப் பதியலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அந்தத் தலையின் எடை நூறு கிராமுக்கு மேல், ஒவ்வொரு ஓட்டத்திலும் தட்டைச் செதுக்கும்.

கழுவுதல்: ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் எதுவும் அரக்குத் தட்டின் பக்கமே வரக்கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் (பேட்டரிக்கு ஊற்றுவதே போதும்) மூன்று, நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான பிரஷ்ஷைப் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் இருக்கும் லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். ஊறப்போடக் கூடாது. விளிம்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய் உப்பிவிடும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நம் ஊர் உப்புத்தண்ணீர் காய்ந்தால் பள்ளத்தில் வெள்ளையாகப் படியும், அதுவே புதிய இரைச்சல்.

பதிவு: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. ஒற்றைச் சானல் (மோனோ) தட்டுக்கு ஸ்டீரியோ எதற்கு என்று தோன்றும். பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு நல்ல சுவரை மட்டும் எடுக்கலாம், அல்லது இரண்டையும் கூட்டலாம். கூட்டும்போது முள் மேலும் கீழும் குதித்ததால் வந்த சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட விடாதீர்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 35 எம்பி ஆகும். 34 தட்டு, இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் என்று வைத்தாலும் 9 ஜிபிக்குள் முடிந்துவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3ஆக நேரே பதிய வேண்டாம்.

நாடாச்சுருள்:

கேசட் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எடுத்தவுடன் பிளே அழுத்தாதீர்கள். பல வருடம் கிடந்த நாடா சுருளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசிவரை ஒருமுறை முன்னோக்கி, ஒருமுறை பின்னோக்கி ஓட்டி, இறுக்கம் தளர்ந்த பிறகே கேட்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியே ஒதுக்குங்கள். டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற சின்ன மெத்தை (தாமிரத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும்) விழுந்திருந்தால் சத்தம் மங்கி, வந்து வந்து போகும். மூலையில் நாலு, நடுவில் ஒன்று என ஐந்து திருகாணி போட்ட கேசட் என்றால் பிரித்து, வேறொரு வேண்டாத கேசட்டின் மெத்தையை மாற்றிவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டிய வகை என்றால் ஓரத்தில் மெல்லிய கத்தியால் பிளந்து, நாடாச் சக்கரம் இரண்டையும் திருகாணி போட்ட ஓட்டுக்குள் மாற்ற வேண்டும்.

அடுத்தது அசிமத், அதாவது ஹெட் நிற்கும் சாய்வு. எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். ஹெட்டின் இரு பக்கமும் இருக்கும் திருகாணிகளில் கீழே ஸ்பிரிங் இருப்பது எதுவோ அதைத்தான் திருப்ப வேண்டும். முதலில் அதன் இப்போதைய நிலையை நெயில் பாலிஷ் புள்ளியால் குறித்துவிடுங்கள். இரண்டு சானலையும் ஒன்றாகக் கூட்டிக் கேட்டுக்கொண்டே கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பினால் ஓரிடத்தில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் பளிச்சென்று திறக்கும். அதுதான் அந்தக் கேசட்டுக்கான இடம். எந்த மெஷினில் பதிந்தார்களோ அந்த மெஷினின் சாய்வு நாடாவில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், 60 என்றால் 60 முறை. இதை விட்டுவிட்டு மென்பொருளில் டிரெபிள் ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

ஹெட்டையும் கேப்ஸ்டனையும் (நாடாவை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டு) 99 சதவீத ஐசோபுரொப்பைல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள் (இங்கே ஆல்கஹால் சரி, அரக்குத் தட்டுக்குத்தான் ஆகாது). ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். டால்பி (டெக்கில் இருக்கும் இரைச்சல் குறைப்பு) அணைந்திருக்கட்டும். கடையில் பதிந்ததோ ரேடியோவில் பிடித்ததோ, அந்தக் காலத்துக் கேசட்டுகளில் அது பெரும்பாலும் இருக்காது. விலை மலிவு என்று மயங்கி யுஎஸ்பி வைத்த கையடக்கக் கேசட் பிளேயர் வாங்க வேண்டாம். அதன் மோட்டார் ஆடுகிற ஆட்டத்தில் ராஜாவின் நீண்ட கார்வைகள் எல்லாம் நடுங்கும். புது பெல்ட் போட்ட பழைய டெக் ஒன்று, அதன் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி). லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். அது ஒற்றைச் சானல், ஒலியும் உடைந்து வரும்.

நாணல்62:

இருவருக்கும் நன்றி. சோதனைக்கு இரண்டு தட்டும் ஒரு கேசட்டும் ஏற்றினேன். இரண்டு சிக்கல்.

ஒன்று, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரைச்சல் நீக்கம் போட்டால் பி.பி.எஸ். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. 24 டெசிபெல் வைத்தேன். இரண்டு, வானொலிக் கேசட்டில் எல்லாப் பாட்டும் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறது, போகப் போக அது கூடுகிறது.

ஐந்துகட்டை:

24 டெசிபெல் மிக அதிகம். 6 போதும், 8ஐத் தாண்டவே வேண்டாம். மாதிரி இரைச்சலைப் பாட்டு தொடங்கும் முன் முள் ஓடும் வெற்றுப் பள்ளத்திலிருந்து எடுங்கள். வரிசையும் முக்கியம். முதலில் ‘டிக் டிக்’ சத்தங்களை ஸ்டீரியோவிலேயே நீக்க வேண்டும், பிறகு இரண்டு சானலையும் கூட்ட வேண்டும், இரைச்சல் நீக்கம் கடைசியில். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பெட்டியிலேயே ‘எச்சம்’ என்ற தெரிவு உண்டு, மென்பொருள் எதைத் தூக்கி எறிகிறது என்பதை மட்டும் கேட்கலாம். அதில் ஒரு சொல்லாவது அடையாளம் தெரிந்தால் பாட்டைத்தான் எறிகிறீர்கள், அளவைக் குறையுங்கள். ‘காலங்களில் அவள் வசந்தம்’ போன்ற பாட்டில் வரிமுடிவுகளை வைத்துச் சோதியுங்கள், அங்கேதான் முதலில் அடிபடும்.

கீச்சுக்குக் காரணம் அநேகமாகப் பேட்டரி. பதியும்போது செல் இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். 6 சதவீத வேக வித்தியாசம் என்றால் அரைக் கட்டை. பாட்டுக்குப் பாட்டு தனியாகத் திருத்த வேண்டும். நல்ல பிரதியோடு ஒப்பிட்டு, ‘வேகத்தையும் சுருதியையும் மாற்று’ என்பதைப் பயன்படுத்துங்கள், சுருதியை மட்டும் மாற்றும் கருவி வேண்டாம். அது தாளத்தை அப்படியே விட்டுவிடும்.

கரண்டில் ஓட்டிப் பதிந்த கேசட்டுக்கு இன்னும் துல்லியமான வழி உண்டு. அதில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் படிந்திருக்கும். பாட்டுக்கு நடுவே மௌனமான இடத்தை எடுத்து அலைவரிசைப் படம் பாருங்கள். முகடு 48இல் நின்றால் 50ஐ 48ஆல் வகுத்து, 4.17 சதவீதம் வேகம் கூட்டினால் போதும். உங்கள் டெக்கே போடும் ரீங்காரமும் 50இல் தெரியும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேசட் இல்லாமல் டெக்கை மட்டும் பதிந்து பார்த்தால் எது எதன் சத்தம் என்று புரிந்துவிடும்.

தட்டுக்கும் வேகம் பார்க்க வேண்டும். 77 கோடுள்ள ஸ்ட்ரோபோஸ்கோப் வட்டத்தை அச்சடித்து டர்ன்டேபிளில் வையுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் நிமிடத்துக்கு 77.92 சுற்று. எல்இடி விளக்கில் இது பெரும்பாலும் தெரியாது, இரும்புச் சோக் போட்ட பழைய ட்யூப்லைட் வேண்டும்.

முள்முனை:

மேலே உள்ளது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். சில தட்டு மட்டும் மூடிய பெட்டிக்குள் பாடுவது போல் மங்கினால் முள்ளைக் குறை சொல்ல வேண்டாம். இன்றைய ஃபோனோ பெட்டிகள் (முள்ளிலிருந்து வரும் ஒலியைப் பெருக்குபவை) 1954க்குப் பிறகு பரவிய ஆர்ஐஏஏ என்ற பொது அளவில் உயர் ஒலியைக் குறைக்கின்றன, 10 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபெல். அதற்கு முந்தைய தட்டுகளில் பலவற்றுக்கு அவ்வளவு குறைப்பு தேவையில்லை. அப்படிப்பட்ட தட்டுக்கு 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாக ஏற்றி, ‘ச’ இயல்பாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

லேபிள்வாசகர்:

பெயரிடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 60 கேசட் ஏற்றிய பிறகு ‘பதிவு_47’ என்று கிடந்தால் யாருக்கும் பயன் இல்லை.

கோப்பின் பெயரில் பாட்டின் முதல் வரி, படம், ஆண்டு, பாடியவர், எந்தத் தட்டு அல்லது கேசட், எந்தப் பக்கம். முதல் வரியை முழுதாக எழுதுங்கள். ‘கல்யாண பரிசு’ (1959) படத்திலேயே சுசீலாவின் ‘உன்னைக் கண்டு நான் ஆட’ ஒன்று, ராஜாவின் ‘உன்னைக் கண்டு நான் வாட’ இன்னொன்று. ‘உன்னைக் கண்டு’ என்று மட்டும் போட்டால் எது எது என்று தெரியாது. அந்தப் படத்துக்கு இசையும் ராஜாதான், அதையும் குறியுங்கள்.

ராஜாவையும் பி.பி.எஸ்.ஸையும் மாற்றி எழுதுவது கேசட் அட்டைகளில் சகஜம். ‘கண்மூடும் வேளையிலும்’ (மகாதேவி, 1957) ராஜாவும் சுசீலாவும் பாடியது, பி.பி.எஸ். அல்ல. கடை அட்டையை நம்பாமல் தட்டின் லேபிளை நம்புங்கள். லேபிளையும், லேபிளுக்கு வெளியே மெழுகில் கீறியது போல் இருக்கும் எண்ணையும் படமெடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். எச்எம்வியில் ‘என்’, கொலம்பியாவில் ‘ஜிஇ’ என்று தொடங்கும் எண்கள் இருக்கும்.

பாட்டு படத்தில் கேட்டதைவிடச் சிறியதாக இருந்தால் உங்கள் பதிவில் குறை இல்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்குள்தான் அடங்கும். அதற்காகச் சரணத்தைக் குறைத்தார்கள், அல்லது மறுபக்கத்தில் தொடர்ந்தார்கள். இரண்டு பக்கத்தை ஒட்டி ஒரு பாட்டாக்கினால் ஒட்டாத மூலத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வானொலிக் கேசட்டில் அறிவிப்பாளர் குரலை வெட்டாதீர்கள். தயவுசெய்து. கே.எஸ்.ராஜாவோ அப்துல் ஹமீதோ பாட்டுக்கு முன் பேசிய இரண்டு வரி இன்று வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்ற பெயர் காதில் விழுந்தால் பதிவு 1967 அல்லது அதற்குப் பிந்தையது என்பதும் தெரிந்துவிடும்.

நாணல்62:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: ‘மாசிலா உண்மைக் காதலே’ தட்டில் விளிம்பிலிருந்து பாதிவரை மயிரிழை விரிசல். ஓட்டலாமா?

முள்முனை:

ஓட்டலாம், ஒரே முறைதான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இந்தத் தட்டைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், உலர்ந்த பிரஷ் மட்டும். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை பள்ளத்தில் இறங்கும். தட்டுக்கு அடியில் தட்டையான ரப்பர் விரிப்பு இருக்கட்டும். முதலில் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். விரிசலில் முள் படியிறங்குவது போல் போனால் சரி, படியேறி இடித்தால் 78 வேகத்தில் தாண்டிக் குதிக்கும். அப்படியானால் 45இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 73.3 சதவீதம் வேகம் கூட்டுங்கள். ஆனால் அப்போது ஆர்ஐஏஏ திருத்தம் தப்பான இடத்தில் விழும், அதனால் திருத்தம் இல்லாத நேரடி வெளியீட்டிலிருந்து பதிய வேண்டும்.

விரிசல் இருக்கும்வரை ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’. பாதித் தூரம் என்றால் நூற்றுக்கு மேல் வரும். தானியங்கிக் கருவியிடம் விடாதீர்கள், அது தபேலாவின் அடிகளையும் சேர்த்துத் தின்னும். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ‘ரிப்பேர்’ கருவியால் கையால் நீக்குங்கள். ஒரு தேர்வில் 128 மாதிரிப் புள்ளிகள் வரைதான் அது ஏற்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இருபது இருபதாகச் செய்யுங்கள், காது களைத்தால் எது ‘டக்’, எது தாளம் என்று தெரியாமல் போகும்.