அப்பா அம்மாவை டர்பனுக்குக் கூட்டி வர எந்த விசா? மருத்துவச் செலவு எப்படி?

நெல்லைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்து மூன்று வருடம். ஊரில் அப்பாவுக்கு 64, ரிட்டையர்டு தலைமையாசிரியர். அம்மாவுக்கு 58. போன வருடம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், நான் டிக்கெட் எடுத்து ஊர் போய்ச் சேர்வதற்குள் டிஸ்சார்ஜே ஆகிவிட்டார். அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை, இரண்டு பேரையும் இங்கேயே கூட்டி வந்துவிடலாம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். ரிட்டையர்மென்ட் விசாவுக்கு மாதம் 37,000 ராண்ட் வருமானம் காட்ட வேண்டுமாம். அப்பாவின் பென்ஷன் 46,000 ரூபாய், ராண்டில் பத்தாயிரத்தைத் தொடுமா என்பதே சந்தேகம். விசிட்டர் விசாவில் கூட்டி வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு நண்பர். அப்புறம், அப்பாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மெடிக்கல் எய்டில், அதாவது இங்குள்ள மருத்துவக் காப்புத் திட்டத்தில், சேர்த்துக்கொள்வார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உம்லங்கா_ராஜா:
முதலில் அந்த நண்பர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விசிட்டர் விசாவில் வந்தவர் இங்கே இருந்தபடி வேறு விசாவுக்கு மாற முடியாது என்பதுதான் பொது விதி. மாற்றலாம் மாற்றலாம் என்று காத்திருந்து தேதி தாண்டினால் 30 நாளுக்குள் என்றால் ஒரு வருடத் தடை, அதற்கு மேல் போனால் ஐந்து வருடம். வயதான காலத்தில் அது எதற்கு?

37,000 கணக்கும் உங்களுக்கு வேண்டாம். அது இங்கே யாரும் இல்லாமல் சொந்தப் பணத்தில் வந்து தங்குகிறவர்களுக்கு. உங்களிடம் பி.ஆர். இருக்கிறதே, ரிலேட்டிவ் விசா (உறவினர் விசா) போடுங்கள். ஆளுக்கு மாதம் 8,500 ராண்ட், இரண்டு பேருக்கு 17,000, நீங்கள் தாங்குவீர்கள் என்று பேஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் காட்ட வேண்டும். இரண்டு வருடம் வரை தருவார்கள், வேலை பார்க்கக் கூடாது. பெற்றோர் முதல் படி உறவு என்பதால் பி.ஆருக்கே நேராக விண்ணப்பிக்கவும் வழி உண்டு, குடியேற்றச் சட்டத்தில் 27(ஜி). ஆனால் அது வருகிறபோது வரட்டும் என்று விசாவை முதலில் வாங்கிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இழுத்தடித்தது பணம் இல்லை, பெயர். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இன்ஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கிறது. அம்மாவுக்கு லட்சுமியா லெட்சுமியா என்ற தகராறு. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி அனுப்புவதற்குள் குற்றப் பின்னணி இல்லை என்று விசாவுக்குக் கேட்கிற போலீஸ் சான்றிதழ் ஆறு மாதக் கெடுவைத் தாண்டிவிட்டது, மறுபடி முதலிலிருந்து. பெயரைச் சரி பண்ணிவிட்டு அப்புறம் போலீஸ் சான்றிதழுக்கும் விசாவுக்கான எக்ஸ்ரேக்கும் போகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மெடிக்கல் எய்ட் பக்கம் நான் சொல்கிறேன், என் பிழைப்பே அதுதான். எல்லோருக்கும் திறந்திருக்கிற ஸ்கீம் எதுவும் வயதையோ வியாதியையோ காட்டி ஆளை மறுக்க முடியாது, வியாதிக்காரர் என்று பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. நம் ஊர் இன்ஷூரன்ஸ் பார்த்தவர்களுக்கு இது நம்பவே கஷ்டமாக இருக்கும்.

ஆனால் 35 வயதுக்கு மேல் முதல்முறையாகச் சேர்கிறவர்களுக்கு லேட் ஜாய்னர் பெனால்ட்டி என்று, தாமதமாகச் சேர்வதற்கான அபராதம் ஒன்று இருக்கிறது. வயதில் 35-ஐக் கழியுங்கள். மிச்சம் 15 முதல் 24 வரை என்றால் 50 சதவீதம், 25 அல்லது அதற்கு மேல் என்றால் 75 சதவீதம் கூடுதல். அப்பாவுக்கு 29, அதனால் 75. அம்மாவுக்கு 23, அதனால் 50. ஊரில் எத்தனை வருடம் பாலிசி கட்டியிருந்தாலும் கழிவு கிடையாது, தென்னாப்பிரிக்க ஸ்கீமில் இருந்த வருடங்கள்தான் கணக்கு. கணக்குக்காக ஆளுக்கு மாதப் பிரீமியம் 2,400 ராண்ட் என்று வையுங்கள், அப்பாவுக்கு 4,200, அம்மாவுக்கு 3,600 ஆகிவிடும். ஆயுசுக்கும் அப்படித்தான் கட்ட வேண்டும்.

அதோடு முதல் மூன்று மாதம் எதற்கும் கிளெய்ம் இல்லை, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குப் பன்னிரண்டு மாதம் கிடையாது, பிரீமியம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டென்ட்டை மறைத்து ஃபார்ம் நிரப்பினால் பின்னால் மெம்பர்ஷிப்பையே ரத்து செய்வார்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம். ஒரு வருடம் தாண்டினால் நிம்மதி. சுகர், பிரஷர், இருதயக் குழாய் அடைப்பு மூன்றும் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் மலிவான பிளானும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும், அவர்கள் லிஸ்டில் உள்ள மருந்து மட்டும்தான் என்றாலும். அதுவரை ஊர் பாலிசியை விட்டுவிடாதீர்கள். கண்புரை, பல் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். என் மாமனார் வந்த ஐந்தாம் மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சு வலி. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டு வலியை அடக்கினார்கள். வார்டில் சேர்க்கவென்று கவுன்ட்டரில் கேட்ட டெபாசிட்டுக்கு என் கார்டு, வீட்டுக்காரர் கார்டு, கொழுந்தன் கார்டு மூன்றையும் தேய்த்தும் பத்தவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று இந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, 27(3). சிகிச்சை நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு செக்கப்புக்கும் விடியற்காலை நாலரைக்கு மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக வரிசை. அதனால் ஓர் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

இன்னொன்று. மாமியாருக்குப் பிரச்சினையே இல்லை, மவுண்ட் எட்ஜ்கூம் கோயிலில் ஒரே வாரத்தில் ஆள் பிடித்துவிட்டார். மாமனாருக்குத்தான் ஆகவில்லை. டீக்கடை கிடையாது, பேப்பர் கிடையாது, நினைத்தால் பஸ் ஏறிப் போக முடியாது. எதிர் வீட்டுக்காரர் பெயர் கோவிந்தசாமி என்று பார்த்துவிட்டு ஆசையாகப் பேசப் போனார், அவருக்குத் தமிழில் வணக்கம் தவிர ஒன்றும் வரவில்லை. நாலு தலைமுறை ஆகிவிட்டதே, பாவம். எட்டு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார். தலைமையாசிரியராக இருந்தவர் என்கிறீர்கள், ஒரு தடவை மூன்று மாதம் விசிட்டர் விசாவில் வரவழைத்துப் பாருங்கள். மாற்றுவதற்கு இல்லை, அவர் முகத்தைப் பார்ப்பதற்கு.

நெல்லைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடியே மூன்று மாதம் வரவழைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ரிலேட்டிவ் விசா என்று முடிவு செய்திருக்கிறோம். ராஜா அண்ணா, நீங்கள் சொன்னதும் அம்மாவுக்கு போன் போட்டு என் பிறப்புச் சான்றிதழை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் அச்சாக இருக்கிறது. என் பெயர் இருக்க வேண்டிய இடம்தான் காலி, ஆண் குழந்தை என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.