ஈஸ்டர் நாட்களில் வீட்டில் பிள்ளைகளோடு: இன்னும் உறுத்துகிற ஒன்று

முத்துநகர் அப்பா

2020 பெரிய வெள்ளி. ஊரடங்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோயில் பூட்டு, மூன்று மணி வழிபாடு டிவியில். நாங்கள் நான்கு பேரும் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கும் கோயில்களில் கிடையாது என்பதால், நானே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் காலைக் கழுவிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

சிலுவை ஆராதனை வந்தது. அந்த வருடம் சாமியார் மட்டும்தான் சிலுவையை முத்தி (முத்தம்) செய்தார். என் சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. வருடா வருடம் என் தோளில் உட்கார்ந்துகொண்டு வரிசையில் போய் முத்தி செய்து பழகியவள். திரையில் சிலுவை பெரிதாகத் தெரிந்ததும் எழுந்து நேராக டிவிக்குப் போனாள். மதியம் கஞ்சியும் துவையலும் சாப்பிட்ட வாய், சரியாகத் துடைக்கவில்லை. அப்படியே திரையில் வைத்து முத்தி செய்தாள்.

"ஏய், டிவியைத் தொடாதே!" என்று கத்திவிட்டேன். புது டிவி, பதினோரு மாதம் தவணை பாக்கி. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், அழவில்லை. அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். சிலுவை போய் வேறு காட்சி வந்த பிறகும் திரையில் அந்த உதட்டு அச்சு மட்டும் இருந்தது, சாமியார் முகத்தின் மேலேயே.

அடுத்த வருடம் கோயில் திறந்தபோது முத்தி செய்ய வரமாட்டேன் என்றுவிட்டாள். இதனால்தானா, கூச்சமா, தெரியாது. கேட்கவும் இல்லை.

பாளையங்கோட்டைக்காரன்

தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. டிவியில் ஆராதனை பார்ப்பதே எனக்கு ஒத்துவராத விஷயம். ஊரடங்கு சரி, வேறு வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகும் எத்தனை வீட்டில் காபி டம்ளரோடு சோபாவில் உட்கார்ந்து "ஆராதனை முடிந்தது" என்கிறார்கள்! பிள்ளை டிவியை முத்தி செய்ததில் தப்பில்லை, டிவியைக் கோயில் ஆக்கியதுதான் தப்பு. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்களுக்கு முத்தி செய்கிற வழக்கமும் இல்லை, அது வேறு.

என் கதை சின்னது. ஈஸ்டர் அன்று விடியற்காலை நாலரை மணிக்கு ஆராதனை. பிள்ளைகள் முந்தின இரவு புதுத்துணியை இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்துவிட்டுத் தூங்கினார்கள். நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டும் அடித்துப்போட்ட மாதிரிக் கிடக்கின்றன. பாவம், தூங்கட்டும் என்று நானும் அவளும் மட்டும் போய்விட்டோம், ஆச்சி வீட்டில் இருந்தார்கள். ஆறரைக்குத் திரும்பினால் வாசல்படியில் இரண்டு பேரும் புதுத்துணி போட்டு, தலைசீவி, ஷூ மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து மணியிலிருந்து அப்படித்தான் இருக்கிறார்களாம். நான் கேட்டைத் திறந்துகொண்டே "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றேன். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று தெருவே எழும்பும்படி கத்துகிறவன் என் மகன். அன்றைக்கு ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

குரோய்டன் அம்மா

திருச்சியில் வளர்ந்தேன், முட்டை தேடும் விளையாட்டெல்லாம் இங்கே இங்கிலாந்துக்கு வந்துதான் தெரியும். வெள்ளியும் திங்களும் விடுமுறை, நான்கு நாள் பிள்ளைகள் வீட்டில், வெளியே மழை, வேறு என்ன செய்வது? 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31-ஆம் தேதியே வந்துவிட்டது, அன்றைக்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாளும். தூக்கம் கெட்ட நிலையில் 18 அவித்த முட்டையை வீடு முழுக்க ஒளித்தேன். 17 கிடைத்தன. மகள் "இன்னும் ஒன்று இருக்கு" என்கிறாள். நான் "இல்லை, 17தான் வைத்தேன், உனக்கு எண்ணத் தெரியவில்லை" என்று சாதித்தேன். அவள் அண்ணன் வேறு ஒத்து ஊதினான். அழுதுகொண்டே படுக்கப் போனாள். அக்டோபரில் கணவர் பனிக்கால பூட்ஸை எடுத்துக் காலை விட்டார். மீதியை நான் சொல்ல வேண்டாம்.

செய்ய நினைப்பவர்களுக்கு: எத்தனை முட்டை, எங்கே என்று முதலில் எழுதி வையுங்கள். கடைச் சாயம் வாங்காதீர்கள். எட்டு பத்து வெங்காயத்தின் தோலை (தோல் மட்டும், மேலே காய்ந்து வருமே அது) சேர்த்து வைத்து, முட்டை மூழ்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு முட்டையோடு சேர்த்தே கொதிக்க விடுங்கள், நல்ல செம்மண் நிறம் வரும். வெள்ளை முட்டையாக இருந்தால் நல்லது, பழுப்பு முட்டையில் நிறம் இன்னும் கருத்துத்தான் வரும். இன்னும் அழகு வேண்டுமா, ஒரு கொத்துமல்லி இலையை ஈரத்தோடு முட்டையில் ஒட்டி, பழைய மெல்லிய காலுறைத் துணியில் இறுக்கிக் கட்டி அவியுங்கள், இலையின் அச்சு வெள்ளையாக விழும். மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள் நிறம், ஆனால் பாத்திரம், விரல், மேசைவிரிப்பு எல்லாம் மஞ்சள். ஆறினதும் இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் பளபளக்கும். சாப்பிடுகிற முட்டை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சாக்லேட் முட்டை ஊருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள், ஏப்ரல் வெயிலில் தாளோடு ஒட்டிக்கொண்டு போய்ச் சேரும்.

பாளையங்கோட்டைக்காரன்

முட்டைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் என்னம்மா சம்பந்தம்? நம் ஊரில் ஈஸ்டர் என்றால் விடியற்காலை ஆராதனை, கல்லறைத் தோட்டம், அப்புறம் வீட்டுக்கு வந்து ஆப்பமும் ஆட்டுக்கறியும். முயல் முட்டையிடுகிறதாம், அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வீர்கள்?

குரோய்டன் அம்மா

முயலை நான் எங்கே சொன்னேன், அண்ணா? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. கோழி அதைக் கேட்குமா, இட்டுக்கொண்டேதான் இருக்கும். நாற்பது நாள் சேர்ந்த முட்டை ஈஸ்டருக்குத் தீர வேண்டாமா? நீங்கள் நாற்பது நாள் கழித்து ஆட்டுக்கறியைத் தேடுவதும் அதே கதைதான்.

நீர்கொழும்பு 84

டிவி பூசை பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது கொரோனாவுக்கு முந்தியே வந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் கோயில்களில் பூசை நிறுத்தி, அடுத்த ஞாயிறு மல்கம் ரஞ்சித் ஆண்டகை தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையை டிவியில்தான் பார்த்தோம். காபி டம்ளரோடு இல்லை, ஐயா.

அந்த உயிர்த்த ஞாயிறு நாங்கள் வீட்டில் இருந்ததற்கு ஒரே காரணம் சின்னவனுக்குக் காய்ச்சல். இவர் மட்டும் முந்திய இரவுப் பூசைக்குப் போய் வந்தார். காலையில் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது, துருவலையை நிறுத்தினேன். கட்டுவாப்பிட்டிக் கோயில் பக்கம். மூத்தவன் ஏழு வயது, யன்னலுக்கு ஓடி "அம்மா, பட்டாசு!" என்றான். புத்தாண்டு முடிந்து ஒரு கிழமைதான், எல்லா வீட்டிலும் மிச்சப் பட்டாசு கிடந்தது. நான் "ஓம், பட்டாசுதான்" என்றேன். அது அப்படியான சத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் வளர்ந்த ஆருக்கும் தெரியும்.

அவன் மிச்சமிருந்த இரண்டு மத்தாப்பைக் கொண்டுபோய் முற்றத்தில் கொளுத்தினான். பகல் வெளிச்சத்தில் மத்தாப்பு. நான் தடுக்கவில்லை. பிறகு அம்புலன்ஸ் சத்தம் தொடங்கியது, நிற்கவே இல்லை. அன்றைக்கே ஊரடங்கு, வாட்ஸ்அப்பும் இல்லை, யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று கேட்க வழியில்லை. அவன் வகுப்புப் பிள்ளை ஒன்றும் போய்விட்டது.

இப்போது பெரியவனாகிவிட்டான். போன வருடம் ஒருநாள் சும்மா கேட்டான், "அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமா?" என்று. "எது?" என்று கேட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

சங்கனாசேரி மருமகள்

நான் கோட்டாறு, கட்டிக்கொடுத்தது கேரளத்தில். அங்கே பெரிய வியாழன் இரவு வீட்டிலேயே பெசகா அப்பம், புளிக்காத மாவில். நடுவில் குருத்தோலையில் சின்னச் சிலுவை. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பால். வீட்டில் மூத்தவர் வெட்டி, வயது வரிசைப்படி ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். அந்த வருடத்தில் சாவு விழுந்த வீட்டில் மட்டும் சுடக்கூடாது, அண்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள்.

மாமனார் போன வருடம், பக்கத்து வீட்டம்மா வாழையிலையில் மூடிக் கொண்டுவந்தார். "நம்ம வீட்டில் ஏன் சுடவில்லை?" என்று என் மகன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், ஐந்து வயது. கணவர் வெட்டினார், பழக்கமில்லாத கை, கோணல்மாணலாக. முதல் துண்டை இவன் வாங்கிக்கொண்டு போய் அப்பச்சன் (தாத்தா) நாற்காலியில் வைத்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மாமியார் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

காலையில் பார்த்தால் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. அவன் எழுந்திருப்பதற்குள் எடுத்து வெளியே போட்டு நாற்காலியைத் துடைத்துவிட்டேன். எழுந்ததும் நேரே அங்கேதான் ஓடினான். "அப்பச்சன் சாப்பிட்டாரா?" "சாப்பிட்டார்." வேறு என்ன சொல்வேன்? இப்போது புதுநன்மை வகுப்புக்குப் போகிறான். அங்கே எல்லோரிடமும், ஃபாதர் உட்பட, இதை நடந்ததாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான். ஃபாதர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முத்துநகர் அப்பா

எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தேன். நீர்கொழும்பு அக்காவுக்கு எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

பாளை அண்ணன் சொன்னதற்கு ஒன்று: டிவியைக் கோயிலாக்கியது நான் இல்லை, அவள்தான். துடைத்தது நான்.

அந்த முட்டைக்கு சின்ன வெங்காயத் தோல் ஆகுமா, பெரிய வெங்காயம்தான் வேண்டுமா? வீட்டில் ஒருத்தி கேட்கச் சொல்கிறாள்.