மெத்தை தைத்தபின் மிஞ்சிய பஞ்சை என்ன செய்தீர்கள்?

சித்திரையில் எங்கள் வீட்டுப் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி தைத்தோம். புதுப் பஞ்சும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்ததில் இரண்டரைக் கிலோ போல மிஞ்சிவிட்டது. "தூக்கிப் போட்டுறாதீங்கம்மா, எதுக்காவது ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மெத்தை தைத்த அண்ணன். சாக்கோடு பரணில் ஏற்றி வைத்தேன்.

ஆடியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், குதிகால் இரண்டும் சிவந்திருந்தன. கட்டு மாற்ற வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "குதிகால் படுக்கையில் படவே கூடாது. கெண்டைக்கால் முழுசையும் தாங்குற மாதிரி தலையணை வைங்க, குதிகால் அந்தரத்துல நிக்கணும்" என்றார். வீட்டிலிருந்த தலையணைகள் ஒன்றும் சரிப்படவில்லை. எல்லாம் உயரம். பரணில் இருந்த சாக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதலில் அம்மாவின் பழைய நூல் புடவையில் தைத்தேன். இரண்டே நாளில் பஞ்சு துணியைத் துளைத்து வெளியே வந்து, அம்மாவுக்கு இருமல். அப்புறம் கடையில் நெருக்கமாக நெய்த மெத்தைத் துணி வாங்கி, ஒன்றரை அடிக்கு முக்கால் அடி அளவில், ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டேன். பஞ்சை இறுக்கி அடைக்காமல் கை அமுங்குகிற அளவுக்கு மட்டும் வைத்தால்தான் கால் பதிந்து நிற்கிறது. ஃபேனை நிறுத்திவிட்டு, மூக்கில் துண்டு கட்டி, கொசுவலைக்குள் உட்கார்ந்து அடைத்தேன். ஒரு பொட்டுப் பஞ்சுகூட வெளியே பறக்கவில்லை!

காலுக்கு இரண்டு, முழங்கைக்கு ஒன்று, ஒருக்களித்துப் படுக்கும்போது முதுகுக்கு ஒன்று. இரண்டு மணிக்கொரு தரம் திருப்பியும் விட்டோம். ஒரு வாரத்தில் சிவப்பு மறைந்தது. இந்த அளவில் கடையில் எங்கே கிடைக்கும்?

பதில்:
எனக்குத் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பக்கம். இலவம்பஞ்சில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர் எளிதில் ஏறாது. அந்தக் காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்கே இதைத்தான் அடைத்தார்கள். ஆனாலும் தலையணையை அப்படியே துவைத்துவிடாதீர்கள், கட்டி கட்டியாகிவிடும். உறையை மட்டும் துவைத்து, பஞ்சை வெயிலில் போட்டுத் தட்டினால் போதும். இன்னொன்று, சட்டென்று தீப்பிடிக்கும். கட்டிலுக்குக் கீழே கொசுவத்திச் சுருள் வைக்கவே வைக்காதீர்கள்.

பதில்:
நான் குழந்தைகளுக்குக் குயில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். எனக்கு மிஞ்சுவது ஷீட்டாக வரும் பாலியஸ்டர் பஞ்சு. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தால் மேடு தட்டும். ஓரங்களை நேராக வெட்டி, பக்கத்தில் பக்கமாக ஒட்டி வைத்து, ஜிக்ஜாக் தையல் போட்டால் இணைத்த இடமே தெரியாது. ஒருமுறை அதையே வைத்து அடுப்படிக்குப் பிடிதுணி தைத்தேன். சூட்டில் உள்ளே உருகி, விரல் சுட்டுவிட்டது. இப்போது பிடிதுணிக்குப் பழைய டர்க்கி டவலை நாலாக மடித்துத்தான் வைக்கிறேன்.

பதில்:
இரண்டு பேருக்கும் நன்றி. கொசுவத்தியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். முழங்கைத் தலையணை மட்டும் சாய்வு நாற்காலிக்கு மாறியிருக்கிறது.